முதல் வாய் யாருக்கு?

"அம்மா, குழந்தை சாப்பிடவே மாட்டேங்குறா. திங்கட்கிழமை இல்லத்துலேருந்து எடை பார்க்க வராங்க. குறைஞ்சிருந்தா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

அழுதுகொண்டே சொன்னவர் தமயந்தி. கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை. வயது ஐம்பத்தைந்து.

கேட்டவர் மடத்துப் பூரணி அம்மை. வயது முப்பத்தாறு. ஞானத்துக்கு ஏது வயசு, விடுங்கள்.

குழந்தை செவ்வந்தி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். ஐந்து வயது. தாய் இல்லை. குழந்தைகள் இல்லத்திலிருந்து தமயந்தி வீட்டுக்கு வந்து பதினோரு நாள்தான் ஆகிறது.

"என்ன கொடுத்தீங்க?"

"என்ன கொடுக்கலைன்னு கேளுங்க! நெய்ச்சோறு, தோசை, முட்டை. கதை சொல்லிச் சொல்லி ஊட்டினேன். ரெண்டு வாய் வாங்குவா, அப்புறம் என் முகத்தையே பார்ப்பா. மூணு நாளா அதுவும் இல்லை. பால் மட்டும்தான்."

"அரசாங்கக் காகிதத்துல உங்களை என்னன்னு போட்டிருக்கு?"

"ஃபாஸ்டர் மதர்."

"ஃபாஸ்டர்னா என்ன? எங்கேருந்து வந்த சொல்லு?"

ஆங்கிலப் பேராசிரியையிடம் கேட்கிற கேள்வியா இது! அழுகையை நிறுத்திவிட்டு அவர் வகுப்பே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இப்போ வளர்க்குறதுன்னு அர்த்தம். ஆனா பழைய ஆங்கிலத்துல அதோட வேர் உணவு. சாப்பாட்டுக்குச் சொல்ற ஃபூடும் இதுவும் ஒரே குடும்பம். முதல்ல சோறு போடுறதுதான். வளர்க்குறதெல்லாம் பின்னாடி வந்து சேர்ந்தது."

"அடேயப்பா! சரி, நீங்க எப்போ சாப்பிட்டீங்க?"

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு நாளாச்சு. அவ சாப்பிடுற வரைக்கும் பச்சைத் தண்ணி தவிர எதுவும் தொடுறதில்லைன்னு வேண்டிக்கிட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அவளுக்கு ஊட்டிட்டு, அவ தூங்கின பிறகு அடுக்களையில நின்னுக்கிட்டே ரெண்டு வாய். அம்மான்னா அப்படித்தானே?"

பூரணி அம்மை எழுந்து போனார். ஓர் இலை கொண்டுவந்து தமயந்தி முன்னால் போட்டார். சோறு வைத்து, ஆவி பறக்க ரசம் ஊற்றினார்.

"குழந்தைக்கு?"

"உங்களுக்குத்தான் போட்டேன்."

"ஐயோ, வேண்டுதல் இருக்கே அம்மா!"

"அதைச் சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சாப்பிடுங்க."

தமயந்தி சோற்றில் கை வைத்தார். வாய்க்குப் போகவில்லை. கண்ணீர்தான் வந்தது.

"பெத்த பிள்ளையா இருந்தா என்கிட்ட சாப்பிட்டிருப்பாளோ என்னவோ. எனக்கு இறங்காதும்மா."

தூணோரம் சலசலப்பு. செவ்வந்தி எழுந்து வந்து இலைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்களும் சாப்பிட மாட்டீங்களா?"

பேராசிரியை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கம்மாவும் இப்படித்தான். எனக்கு ஊட்டிட்டு, 'நீ சாப்பிடு, நான் அப்புறம் சாப்பிடுறேன்'னு சொல்லும். சாப்பிடவே சாப்பிடாது. ஒருநாள் படுத்துச்சு. எழுந்திரிக்கவே இல்ல."

சொல்லிக்கொண்டே சின்னக் கையால் சோற்றைப் பிசைந்தாள். கோணல்மாணலாக ஓர் உருண்டை.

"ஆ காட்டுங்க."

தமயந்தி வாயைத் திறந்தார். முழுங்கும்வரை குழந்தை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது உருண்டை. மூன்றாவது. நான்காவதை உருட்டி, தன் வாயில் போட்டுக்கொண்டது.



ஐந்து. ஆறு. ஏழு. இலை துடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. குழந்தை கன்னமெல்லாம் ரசம்.

"நாளைக்கும் என் கூடவே சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்டி தங்கம். தினமும் உன் கண்ணு முன்னாடியே சாப்பிடுவேன்."

செவ்வந்தி கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப எனக்கு இன்னும் பசிக்குது."

நூறு பேர் வகுப்பை அடக்கிய குரல் அது. மடமே அதிரக் கத்தினார் பேராசிரியை:

"சோறு கொண்டாங்க!"