ஒச்சப்பனுக்குப் பதில் இனி இவர்

மொட்டைப்பாறைக்காரர்களைக் கெட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்ன பேச்சைக் கேட்பவர்கள், அவ்வளவுதான். டிவியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே "சின்ன இடைவேளை, எங்கேயும் போயிடாதீங்க" என்றால், ஊரே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். ஒருமுறை டீக்கடை ஒச்சப்பன் கண்ணெதிரே பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்தது. போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்களே, மனுஷன் என்ன செய்வார்?

ஒச்சப்பனுக்கு 'மஞ்சள் வாசல்' சீரியல் என்றால் உயிர். அதில் வரும் மருமகள் தாமரை வருஷக்கணக்காக மாமியாருக்கும் நாத்தனாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் ஒரு வாய் குடித்து யாரும் பார்த்ததில்லை. டீக்கடைக்காரர் மனசு இதைத் தாங்குமா? தினமும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒரு திங்கட்கிழமை தாமரை காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். வந்தவள் வேறு யாரோ. ஒரு சாண் உயரம் அதிகம், மூக்கும் வேறு. திரையின் அடியில், 'தாமரையாக இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்து ஓடியது. மாமியார் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "சக்கரை கம்மியா இருக்கு தாமரை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

"கட்டுன புருசனாவது 'நீ யாரும்மா'ன்னு கேட்டானா?" என்று கடையில் பொருமினார் ஒச்சப்பன்.

"எப்படிண்ணே கேப்பான்? எழுத்துப் போட்டாச்சுல்ல" என்றார் முடிவெட்டும் சடையாண்டி. "எழுத்துப் போட்டுட்டா யாரும் கண்டுக்கக் கூடாது. அதான் முறை."

"அந்த முறை நமக்கும் உண்டாண்ணே?" என்று கேட்டார் மரமேறும் பூமிராசு.

"டிவில காட்டுறது எல்லாருக்கும் பொதுதானப்பா!"

பொதுதான் என்று ஊர் முடிவு செய்தது. மறுவாரம் சடையாண்டி மச்சான் கல்யாணத்துக்குப் போனபோது, 'சடையாண்டிக்குப் பதில் இனி பூமிராசு' என்று சிலேட்டில் எழுதி மாட்டிவிட்டுப் போனார். பூமிராசு தேங்காய் வெட்டுகிற அரிவாளோடு வந்து முடி வெட்டினார். உட்கார்ந்து எழுந்தவர்கள் கண்ணாடியைப் பார்த்து, "கிருதா கொஞ்சம் ஏறிப்போச்சு சடையாண்டி" என்றதோடு சரி. பசுமாட்டை விற்ற இன்னொருவர், தன் வீட்டு ஆட்டின் கழுத்தில், 'பசுவுக்குப் பதில் இனி இவர்' என்று அட்டை கட்டிவிட்டு, விடிந்ததும் செம்போடு போய் உட்கார்ந்தார். அது கிடா. ஊரில் யாரும் கண்டுகொள்ளவில்லை. கிடா மட்டும் கண்டுகொண்டது.

ஒச்சப்பன் ஒருவர்தான் மசியவில்லை. "ஊரு எப்படியும் போகட்டும். எனக்குப் பழைய தாமரைதான் வேணும். நானே போயிக் கூட்டியாரேன்" என்று பிளாஸ்க் நிறைய டீ போட்டுக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினார். அந்தப் பிள்ளை ஒரு வாயாவது குடிக்கட்டுமே என்ற ஆதங்கம்.

அலைந்து திரிந்து படப்பிடிப்பு நடக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார். வாசலில் காவலாளி மறித்தார்.

"அந்தம்மாவா? இப்போ வேற சீரியல்ல வில்லி. மாமியாருக்கு வெசம் வைக்கிறாங்க."

"காப்பிலயா?"

"ஆமா."

"பொறுத்துப் பொறுத்துப் பார்த்திருக்கும்" என்று பெருமூச்சு விட்டார் ஒச்சப்பன். உள்ளே விடவில்லை. டீயைக் காவலாளி குடித்தார்.

வெறுங்கையோடு ஊர் திரும்பினால், கடை வாசலில் சிலேட்டு தொங்கியது: 'ஒச்சப்பனுக்குப் பதில் இனி இவர்.' உள்ளே பூமிராசு டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஏய் பேச்சியம்மா! நான்தாண்டி ஒச்சப்பன்!" என்று கத்தினார்.

அவர் மனைவி பேச்சியம்மாள் விரலை உதட்டில் வைத்தாள். "சத்தம் போடாதீங்க. எழுத்துப் போட்டாச்சு. இனிமே கண்டுக்கக் கூடாது."

ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்தக் கடை, சொந்தப் பெண்டாட்டி, உள்ளே போக வழியில்லை. ஊர் கூடி உட்கார்ந்து நெடுநேரம் யோசித்தது. கடைசியில் சடையாண்டிதான் வழி கண்டார். சிலேட்டை அழித்து, 'ஒச்சப்பனாக இனி பூமிராசுக்குப் பதில் இவர்' என்று எழுதினார். பூமிராசு மரமேறப் போனார். ஒச்சப்பன் நிம்மதியாகக் கடைக்குள் நுழைந்து, கைகழுவி, ஒரு டீ போட்டுத் தானே குடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னதான் சொல்லு, முன்ன இருந்த ஒச்சப்பன் டீ மாதிரி வரல."

"வராதுதான். அந்த மனுசன் கைப்பக்குவமே தனி" என்றாள் பேச்சியம்மாள்.

"அவரு இப்ப எங்க?"

"மெட்ராசுக்குன்னு கிளம்பிப் போனவருதான்."

"போனவரு என்ன ஆனாருன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? ஊருக்கெல்லாம் டீ போட்டுக் குடுத்த மனுசன், அங்க ஒரு வாய் குடிச்சாரோ என்னவோ!"

கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு பிளாஸ்க் நிறைய டீ ஊற்றினார். பழைய ஒச்சப்பனைக் கையோடு கூட்டிவருவதாகச் சொல்லிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினார்.