எலிகளை எல்லோரும் பார்த்திருந்தார்கள்

“பசிக்கிற நேரத்துல கூட்டம் எதுக்கும்மா?” என்று தணிகாசலம் குருவிடம் கேட்டார்.

மழை இரண்டாவது வருஷமாகப் பொய்த்திருந்தது. மலையடிவாரத்து ஆசிரமத்தில் கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டே வந்தது. இருக்கிற தானியத்தை எப்படிச் செலவழிப்பது என்று எல்லோரும் மாலையில் கூடிப் பேசி, கை தூக்கி முடிவு செய்வார்கள். பேச்சில் பாதி சண்டைதான்.

குரு செங்கமலத்துக்கு நாற்பது வயது. சீடர் தணிகாசலம் அறுபதைத் தாண்டியவர். ஒரு நூற்பாலையை நிர்வகித்து ஓய்வு பெற்று, அமைதி தேடி வந்திருந்தார். வந்த இடத்தில் கூச்சல்.

விவரம் தெரிந்த ஒருவர் முடிவெடுத்தால் போதும், வயிறு நிறைந்த பிறகு எல்லோரும் ஆசை தீரப் பேசிக்கொள்ளட்டும் என்றார்.

செங்கமலம் தானிய அறைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“அந்த ஒருத்தர் நீங்களே இருங்க ஐயா.”

மறுநாளே கூட்டம் நின்றது.

தணிகாசலம் நன்றாகவே நடத்தினார். கேழ்வரகோடு கொள்ளு சேர்ந்தது. கஞ்சி கொஞ்சம் கெட்டியானது. யாரும் முகம் சுளிக்கவில்லை. யாரும் எதுவுமே சொல்லவில்லை. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஒருநாள் அடியில் இருந்த மூட்டையை இழுத்தார். வெறும் சாக்குதான் கையோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. பின்சுவரில் ஒரு பொந்து இருந்தது.

பதறிப்போய் ஒவ்வொருவராக விசாரித்தார். எலிகளை எல்லோரும் பார்த்திருந்தார்கள். துணி துவைக்கும்போது மூக்காயி பார்த்திருந்தாள். மாடு கட்டப் போகையில் இருளப்பன் பார்த்திருந்தார். குஞ்சு குட்டிகளோடு குடும்பமாகவே போய்வந்தன என்றார் இன்னொருவர்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே ஐயா,” என்றாள் மூக்காயி.

தணிகாசலம் நேரே குருவிடம் போய் நடந்ததைச் சொன்னார். செங்கமலம் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

தணிகாசலத்துக்கு ரோஷம் வந்துவிட்டது.

“கூட்டம் போட்டிருந்தா மட்டும் நமக்கு வயிறு நிறைஞ்சிருக்குமா?”

“நமக்கு நிறைஞ்சிருக்காது,” என்றார் செங்கமலம். “எலிக்கும் நிறைஞ்சிருக்காது.”

அன்று மாலை தணிகாசலமே மணியடித்து எல்லோரையும் கூட்டினார். ஒரு மாதமாகச் சேர்ந்திருந்த குறையெல்லாம் அவர் தலையில் கொட்டியது. பொந்தை மண்ணால் அடைப்பதா, சிமெண்டால் அடைப்பதா என்று வேறு தனியாக ஒரு சண்டை. கடைசியில் கை தூக்கி முடிவு செய்தார்கள். அன்றைய கஞ்சி முன்பைவிடத் தண்ணீராக இருந்தது.

பந்தியில் உட்காரும்போது இருளப்பன் மறுபடி எழுந்தார். கஞ்சி வரிசையின் கடைசிக்கு வரும்போதெல்லாம் பானையில் வெந்நீர் ஊற்றிவிடுகிறார்களே, அது யார் எடுத்த முடிவு என்று கேட்டார்.

தணிகாசலத்துக்கு அது புதுச் செய்தி. அவர் எப்போதும் முதலில் உட்காருகிறவர்.

தன் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை நெடுக நடந்தார்.

கடைசியில் இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டார்கள்.