நரி கொண்டுவந்த நீலப் பொடி

குளத்தின் மேல் சாய்ந்து நின்ற ஈச்ச மரத்தில் பின்னலன் என்ற தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தது. கூட்டுக்குள் ஈரக் களிமண்ணை அப்பி, அதில் ஒரு மின்மினியை ஒட்டி வைப்பது அந்தக் குருவிகளின் வழக்கம். விளக்குக்கு விளக்கு, அழகுக்கு அழகு!

ஒரு நாள் நரி கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"அடடா, பின்னலன் தம்பி! காய்ந்த நாரில் கட்டிய வீட்டுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்குகிறாயோ!"

அதுவரை நன்றாகத்தான் தூங்கிக்கொண்டிருந்தது பின்னலன். இப்போது அது மின்மினியை விட்டுத் தள்ளி உட்கார்ந்தது.

"பயப்படாதே! என்னிடம் மஞ்சள் நிறத்தில் ஒரு பொடி இருக்கிறது. தூவினால் தீ கிட்டவே வராது. கூட்டுக்கு ஒரு குலை ஈச்சம்பழம் போதும்!"

எல்லாக் குருவிகளும் தூவின. ஒரே மாதம்தான். குளத்துத் தலைப்பிரட்டைகள் நீந்த மறந்து மல்லாந்து மிதந்தன. அவற்றின் தாய் குண்டம்மா என்ற தவளை போட்ட கூச்சலில் காடே கூடியது. மஞ்சள் பொடிக்குத் தடை என்று யானை தீர்ப்புச் சொன்னது.

மறுநாளே நரி வேறொரு மூட்டையோடு வந்து நின்றது.

"தடை மஞ்சளுக்குத்தானே? இது நீலம்!"

"இதுவும் அதே வேலையைக் காட்டாதா, அண்ணே?" என்று கேட்டது பின்னலன்.

"இதைப் பற்றி யாராவது ஒரு குறை சொல்லிக் கேட்டிருக்கிறாயா?"

"இல்லை..."

"பார்த்தாயா!"

இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை என்பதை நரி சொல்லவில்லை. பின்னலனும் கேட்கவில்லை. அதன் கூட்டில் அப்போதுதான் மூன்று குஞ்சுகள் பொரிந்திருந்தன. அதனால் இரண்டு மடங்கு தூவியது.

"மூக்கெல்லாம் எரிகிறதே!" என்று தும்மியது அதன் மனைவி கோதை.

"பாதுகாப்பு என்றால் கொஞ்சம் எரியத்தான் செய்யும்!" என்றது பின்னலன் பெருமையாக.

சில நாளில் குண்டம்மா மரத்தடிக்கு வந்து கத்தியது. "ஓய் பின்னலா! என் பிள்ளைகள் மறுபடியும் மல்லாந்து கிடக்கிறார்கள். எல்லாம் உன் பொடியால்தான்!"

"என்ன அநியாயமாய்ப் பேசுகிறாய்? என் வீட்டில் தூவியது உன் குளத்துக்கு எப்படி வரும்?"

அந்த நேரம் பார்த்துக் காற்று அடித்தது. கூடு ஆடியது. பொடி பொலபொலவென்று கொட்டி, குண்டம்மாவின் தலை நீலமாகிவிட்டது.

"இப்படித்தான் வரும்!" என்றது குண்டம்மா.

அதற்குள் கூட்டுக்குள்ளிருந்து கோதை அலறியது. "ஓடி வாருங்கள்! குஞ்சுகள் வாயே திறக்கவில்லை!"

பொழுதுக்கும் பசி பசி என்று கத்தும் குஞ்சுகள் துவண்டு கிடந்தன. பின்னலன் ஒன்றின் அலகை மெல்லப் பிரித்தது. நாக்கு நீலமாயிருந்தது!

"காலையில் என்ன ஊட்டினாய்?" என்று கீழேயிருந்து கேட்டது குண்டம்மா.

"உன் குளத்துப் பூச்சி..." பின்னலன் குஞ்சைச் சிறகால் அணைத்துக்கொண்டது. பெற்ற மனம் பதறியது.

"எல்லாம் இந்த நெருப்புக்குப் பயந்ததால்தானே!" என்று மின்மினியைப் பார்த்து அழுதது.

"ஏனய்யா, நானா நெருப்பு? இத்தனை நாளில் ஒரு தடவையாவது என்னைத் தொட்டுப் பார்த்தாயா?"

பின்னலன் தொட்டது. சில்லென்றிருந்தது.

அன்றே பின்னலனும் கோதையும் குஞ்சுகளைக் குளத்துக்கு எட்டாத வேலமரத்துக்கு மாற்றின. மற்றக் குருவிகளும் பொடி தூவிய கூடுகளை விட்டு வெளியேறின. பின்னலன் தொலைவிலுள்ள சோளக்காட்டுக்குப் பறந்து இரை கொண்டுவந்தது. பத்து நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது. பதினோராம் நாள் காலையில் கடைக்குட்டி காது கிழியக் கத்தியது. "பசி!" அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பின்னலன் தேம்பித் தேம்பி அழுதது.

அப்போது நரி வெள்ளைப் பொடியோடு வந்தது. "முற்றிலும் புதிது!"

"ஒரு சிட்டிகை நக்கிக் காட்டு, அண்ணே."

"இன்று எனக்கு விரதம்!"

"சரி, நாளைக்கு?"

"நாளைக்கும்தான்!"

"பரவாயில்லை. பொடி தூவிய பழைய கூடுகளையெல்லாம் உன் குகைக்குள் மெத்தையாகப் பரப்பிவிட்டோம். இனி உனக்குத் தீப்பயமே இல்லை. சுகமாகத் தூங்கு!"

"ஐயோ, அது விஷமாயிற்றே!" என்று அலறிய நரி, மூட்டையைப் போட்டுவிட்டு அடுத்த காட்டைப் பார்த்து ஓடியது.

கெட்டதை விலக்கினால் மட்டும் போதாது, அதன் இடத்துக்கு வருவதையும் ஆராய்ந்து பார்க்க வேண்டும்.