நீல முட்டைக் கோழிகள்

வெள்ளியங்காட்டு ஜமீன்தார், ஒரு வியாபாரிக்குத் தன் கறவைப் பசுவைக் கொடுத்து, நீல முட்டையிடும் சீமைக் கோழிகளை வாங்கினார். கலப்பே இல்லாத ஜாதிக் கோழி என்று அவன் சத்தியம் செய்தான்.

விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் சிரித்துவிட்டார். "கலப்புக் கோழியும்தான் நீல முட்டை போடும், மச்சான்."

ஜமீன்தாருக்கு முகம் சிவந்தது. கோழி பராமரிக்கும் செங்காயியைக் கூப்பிட்டார். "இது ஜாதியா கலப்பா? இப்பவே சொல்லு. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை இல்லை!"

செங்காயி பசுவைப் பிடித்து நின்ற வியாபாரியைப் பார்த்தாள்.

"முட்டையை அடை வச்சா தெரிஞ்சிடும் சாமி. ஜாதின்னா குஞ்செல்லாம் ஒரே மாதிரி பொரியும். கலப்புன்னா ஒண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்புன்னு வரும். அதுவரைக்கும் இவரு நம்ம விருந்தாளியா இருக்கட்டும். குஞ்சு ஒரே மாதிரி வந்தா, பசுவோட கன்னுக்குட்டியையும் சேர்த்துக் குடுத்திடலாம்."

"ரொம்ப சரி!" என்றார் ஜமீன்தார்.

வியாபாரிக்கு வியர்த்தது. "ஊர்ல அவசர வேலை சாமி... கன்னும் வேண்டாம், பசுவும் வேண்டாம்" என்று கயிற்றைப் போட்டுவிட்டு ஓடியே போனான்.

ஜமீன்தார் வெட்கத்தோடு, "இந்தக் கோழிகள் என் கண்ணிலேயே படக்கூடாது. நீயே கொண்டுபோ" என்றார்.

செங்காயி சந்தோஷமாகக் கூடையைத் தூக்கினாள்.

"கலப்புக் கோழியை வச்சு என்ன பண்ணுவே?" என்று கேட்டார் மைத்துனர்.

"உடைச்சுச் சட்டியில ஊத்தின முட்டைக்கு ஏதுங்க ஜாதி?" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.