சித்திரை விரால்

நாவலேரியின் வடகரையில் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. அதில் தவமணியம்மாள் தனியாக இருந்தார். வயது நாற்பத்தைந்து. முன்பு ஒரு மடத்தில் சமையல் பார்த்தவர். மடத்துப் பெரியவர் காலமான பிறகு, ஒரு பையோடு வெளியே வந்து இந்தக் கரையில் தங்கிவிட்டார். ஏரியில் தூண்டில் போடுவார். கிடைத்ததில் ஒரு மீனைத் தனக்கு வைத்துக்கொண்டு, மீதியைக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

மனசுக்குள் எதையாவது போட்டு உழப்பிக்கொண்டிருப்பவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். வந்தவர்களில் சிலர் கொடியில் காயும் கருவாட்டைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனதும் உண்டு.

தை மாதத்தில் தாண்டவமூர்த்தி வந்தார். அறுபத்திரண்டு வயது. ஓர் அணைக்கட்டில் மதகுப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து ஆறு வருஷம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள். இரண்டு வேட்டி, ஒரு துண்டு, குடிக்கும் தண்ணீரை வடிகட்ட ஒரு வெள்ளைத் துணி. அவ்வளவுதான் அவர் கொண்டு வந்தது.

"நீங்க என்னைவிடப் பதினேழு வயசு சின்னவங்க," என்றார். "இருந்தாலும் கேக்குறேன். பதினஞ்சு வருஷமா பல பேர்கிட்ட கேட்டுட்டேன்."

"கேளுங்க ஐயா."

"எந்த உயிருக்கும் தீங்கு செய்யாம ஒரு மனுஷன் வாழ முடியுமா?"

தவமணியம்மாள் சுவரில் சாய்த்திருந்த தூண்டில் கழியை எடுத்து அவரிடம் நீட்டினார்.

தாண்டவமூர்த்தி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது மட்டும் வேண்டாம்மா."

"சரி. துடைப்பம் அந்த மூலையில இருக்கு."

அப்படித்தான் அவர் அங்கே சீடரானார்.

விடிந்ததும் பெருக்குவார். எறும்புச் சாரை குறுக்கே போனால் அது போய் முடியும்வரை துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார். தண்ணீரை இரண்டு தடவை வடிகட்டுவார். அவருடைய சோறு தனி, பாத்திரம் தனி. தவமணியம்மாள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தூண்டிலுக்கு இரையாக அம்மா கொட்டாங்குச்சியில் மண்புழு தோண்டி வைப்பார். ஒரு நாள் தாண்டவமூர்த்தி அதை எடுத்துப் போய் வாழைப் பாத்தியில் கவிழ்த்துவிட்டார். அம்மா மறுபடி தோண்டினார். மறுநாளும் கவிழ்த்தார். அம்மா மறுபடி தோண்டினார். மூன்றாம் நாள் அவரே தாங்க முடியாமல் கேட்டார்.

"என்மேல கோபம் வரலையா?"

"வாழைப் பாத்தியில மண்ணு நல்ல ஈரம். தோண்ட லேசா இருக்கு."

அதற்குப் பிறகு அவர் கொட்டாங்குச்சியைத் தொடவில்லை.

மாசி போயிற்று. பங்குனி போயிற்று. சித்திரை இரண்டாம் வாரத்தில் கோடை மழை இரண்டு நாள் நின்று பெய்தது. ஏரி ஒரு முழம் ஏறியது. கரையோரக் கோரைக்குள் தண்ணீர் புகுந்து, அங்கங்கே மீன் புரளும் சத்தம் கேட்டது.

அந்த வாரம்தான் தவமணியம்மாளுக்குக் கெளுத்தி முள் குத்தியது. தூண்டிலிலிருந்து கழற்றும்போது மீன் திமிறிவிட்டது. வலது கை மணிக்கட்டு வரை வீங்கி, விரலை மடக்க முடியவில்லை. மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் மாலை ராயப்பன் சைக்கிளில் வந்தான். தென்கரை ஊரில் பெயிண்ட் அடிக்கும் வேலை செய்பவன். மனைவி ஸ்டெல்லாவுக்கு ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்து பத்து நாள் ஆகிறது. ரத்தம் நிறையப் போய்விட்டது.

"எழுந்து உக்காந்தா கண்ணு இருட்டுதுங்கறாம்மா. எது கொடுத்தாலும் வாயில வைக்க மாட்டேங்கறா. பால் வேற சரியா சுரக்கல. விரால் மீனு கிடைச்சா மிளகு போட்டு வெச்சுக் கொடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. விரால்னதும் அவளும் சாப்பிடுறேன்னுட்டா. ரெண்டு சந்தையில பார்த்துட்டேன்."

"நாளைக்கு வரும், போ," என்றார் அம்மா.

அவன் போனதும் தாண்டவமூர்த்தியைப் பார்த்தார்.

"நானா?" என்றார் அவர்.

அம்மா வீங்கிய கையைத் தூக்கிக் காட்டினார்.

தாண்டவமூர்த்தி சுவரில் சாய்ந்திருந்த தூண்டில் கழியைப் பார்த்தார். பிறகு, "எப்படிப் போடணும்?" என்று கேட்டார்.

"கோரை ஓரமா போடுங்க. தக்கை அமுங்கினதும் இழுக்காதீங்க. பத்து எண்ணிட்டு இழுங்க."

காலையில் அவர் கிழக்குப் பக்கம் போனார். முதல் புழுவைக் கோர்க்கவே கால் மணி நேரம் ஆயிற்று. கண்ணை மூடிக்கொண்டு குத்தியதில் தூண்டில் முள் அவர் விரலிலும் ஏறியது. சின்னச் சின்னக் கெண்டையும் ஜிலேபி மீனும் வந்து தக்கையை அசைத்துவிட்டுப் போயின. அவருக்கு அது ஆறுதலாக இருந்தது. ஒன்றும் கிடைக்காமல் போனால் யார்மீதும் குற்றமில்லை.

இரண்டாவது தடவை கோரைக்குப் பக்கத்தில் வீசினார். இரை தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், பெரிய விரால் ஒன்று சீறி வந்து கவ்வியது. எண்ணுவதற்கு இடமே இல்லை. கழி வில்லாக வளைந்தது. சேற்றில் சறுக்கி விழுந்து, எழுந்து, எப்படியோ கரைக்கு இழுத்துப் போட்டார்.

அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தார்.

விரால் இருந்த இடத்தில் செக்கச்செவேலென்று ஒரு கூட்டம் மேலே வந்தது. நெல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். குங்குமத்தைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கியது போல அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. கொஞ்சநேரம்தான். எங்கிருந்தோ கெண்டைகள் வந்தன. ஜிலேபிகள் வந்தன. தண்ணீரின் மேல் சின்னச் சின்னதாகச் சளப் சளப் என்று சத்தம் கேட்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அந்தச் சிவப்பு கொஞ்சம் குறைந்தது.

தாண்டவமூர்த்தி கையை நனைத்துக்கொண்டு விராலின் வாயிலிருந்து முள்ளைக் கழற்றினார். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அதை விட்டார். அது ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வாலை அடித்து உள்ளே பாய்ந்தது. கெண்டைகள் சிதறி ஓடின. மீதியிருந்த குஞ்சுகள் ஒன்றுகூடின.

அவர் ஈர வேட்டியோடு ஏறக்குறைய ஓடிவந்தார். பதினைந்து வருஷத்தில் அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

"விட்டுட்டேன்மா! குஞ்சுங்களைக் காவல் காத்துக்கிட்டிருந்தது. அந்த வாயில்லாப் பிராணிக்கு நான் தீங்கு செய்யல."

அம்மா கேட்டுக்கொண்டார்.

"நல்லது. ராயப்பன் வீட்டுல எதிர்பார்த்துக்கிட்டிருப்பாங்க. போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க."

தென்கரைக்கு அரை மணி நடை. ராயப்பன் வீட்டு வாசலில் அவன் மாமியார் சவேரியம்மா சின்ன வெங்காயம் உரித்து வைத்திருந்தாள். அம்மிக்கல்லில் மிளகும் சீரகமும் அரைத்து வழித்து உருட்டியிருந்தாள். மண்சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அவரைப் பார்த்ததும் சட்டியை நிமிர்த்தினாள். அவர் கையில் ஒன்றும் இல்லை என்று கண்டதும் நிமிர்த்திய சட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாண்டவமூர்த்தி நடந்ததைச் சொன்னார். ஓடி வரும்போது மனசில் இருந்த சொற்கள் அந்த வாசலில் சரியாக வரவில்லை.

உள்ளே பாயில் படுத்திருந்த ஸ்டெல்லா கேட்டாள்.

"குஞ்சு நிறைய இருந்துச்சா ஐயா?"

"இருநூறு இருக்கும்மா."

"பாவம்தான்," என்றாள். அவள் உதடு வெளுத்திருந்தது. குழந்தை அழுதது. எடுப்பதற்காகக் கையை ஊன்றி எழ முயன்று, பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். ராயப்பன் ஓடிப்போய் முதுகைத் தாங்கினான். சவேரியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டாள்.

யாரும் அவரைக் கோபிக்கவில்லை.

"பரவாயில்லைங்க ஐயா," என்றான் ராயப்பன். "இன்னும் ரெண்டு நாள்ல டவுனுக்குப் போய்ப் பார்க்கிறேன்."

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தாண்டவமூர்த்தி வீட்டுக்குள் போகாமல் கரைமேல் உட்கார்ந்தார். தவமணியம்மாள் வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"நான் ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டேன்னு நீங்க கேக்கவே இல்லையே அம்மா."

"சொல்லுங்க."

"ஓர் ஐப்பசியில மூணு நாள் விடாத மழை. அணை தளும்புது. மேலதிகாரிக்குப் போன் போட்டா லைன் கிடைக்கல. திறக்கலைன்னா கரை உடையும். உடைஞ்சா கீழே நாலு ஊர் போயிடும். திறந்தா ஆத்தோரக் குடிசைக்குள்ள தண்ணி ஏறும். சங்கு ஊதச் சொல்லிட்டு, முக்கால் மணி நேரம் விட்டுத் திறந்தேன். எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டாங்க. ஒருத்தி மட்டும் ஆட்டை அவுத்துவிடத் திரும்பிப் போயிருக்கா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"விசாரணை வெச்சாங்க. என்மேல தப்பு இல்லைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அந்தக் காகிதம் இன்னும் வீட்டுல இருக்கு."

"அவங்க பேர் என்ன?"

"வீராயி. ஐம்பத்தோரு வயசு. ரெண்டு பேத்தி. நாலு வெள்ளாடு."

"தப்பிச்ச நாலு ஊர்ல யார் பேராவது தெரியுமா ஐயா?"

தாண்டவமூர்த்தி வாயைத் திறந்தார். ஒரு பேரும் வரவில்லை.

ஏரியில் ஒரு நாரை இறங்கியது. அது ஒரு மீனைக் கொத்தி விழுங்கிவிட்டு மறுபடி காத்து நின்றது.

"ஸ்டெல்லா பிள்ளை ஆணா, பெண்ணா?" என்று கேட்டார் அம்மா.

"கேக்கலம்மா."

"சரி," என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து போனார்.

மறுநாள் அவரை யாரும் ஏரிக்குப் போகச் சொல்லவில்லை. வெளுக்கும்போதே வாழைப் பாத்தியில் தோண்டும் சத்தம் கேட்டது.

தாண்டவமூர்த்தி இந்தத் தடவை கிழக்குப் பக்கம் போகவில்லை. மேற்கே, ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலுக்கு அந்தப்புறம், ஆழமான இடத்துக்குப் போனார். ஜிலேபிகள் ஏழு புழுவைத் தின்றன. ஏழு தடவையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கோர்த்தார். வெயில் ஏறியது. கால் மரத்தது. எட்டாவது புழுவுக்குத் தக்கை மெதுவாக அமுங்கிப் பக்கவாட்டில் நகர்ந்தது. எண்ண ஆரம்பித்தார். நான்கில் கை துடித்தது. ஏழில் மூச்சு நின்றது. பத்தில் இழுத்தார்.

நல்ல விரால். முழங்கை நீளம் இருந்தது.

அதைப் பானைத் தண்ணீரில் போட்டு மூடிவிட்டு, தாண்டவமூர்த்தி கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏரியைப் பார்த்தார். கலங்கிய தண்ணீர் தெளியும்வரை பார்த்தார். எங்கேயும் சிவப்பு இல்லை. ஒரு குஞ்சுகூட மேலே வரவில்லை. அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. பானையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார்.

வீட்டு வாசலில் ராயப்பன் தூக்குவாளியோடு காத்திருந்தான். அம்மா சொல்லியனுப்பியிருந்தார். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"மீனைச் சாம்பல் தொட்டுப் பிடிங்க. இல்லேன்னா வழுக்கும்," என்றார் அம்மா. "அந்தக் கட்டையால தலையில ஒரே அடி. தயங்கினா அதுக்குத்தான் வலி."

"நானேவா?"

ராயப்பன் எழுந்து வந்து கையை நீட்டினான். தாண்டவமூர்த்தி தலையை ஆட்டி அவனை மறுத்துவிட்டு, கட்டையைத் தானே எடுத்தார். ஒரே அடி. மீன் ஒரு தரம் நெளிந்து நின்றுவிட்டது. அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது. கல்லில் தேய்த்துச் செதில் எடுத்தார். அரிவாள்மனையில் வைத்து வயிற்றைக் கீறினார்.

உள்ளே மஞ்சளாக, நீளமாக, இரண்டு பைகள். மெல்லிய தோலுக்குள் கடுகைவிடச் சின்னதாக முட்டைகள், ஆயிரக்கணக்கில்.

அவர் கை அப்படியே நின்றது.

"அம்மா."

தவமணியம்மாள் வந்து குனிந்து பார்த்தார்.

"நான் பார்த்தேன்மா. தண்ணி தெளியுற வரைக்கும் உக்காந்து பார்த்துட்டுத்தான் எடுத்து வந்தேன்."

"தெரியும்."

"உள்ளே இருக்கறது எனக்கு எப்படித் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

தாண்டவமூர்த்தியின் கண் நிறைந்தது. மீன் ரத்தம் அவர் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்ப நான் என்ன செய்யணும் அம்மா?"

அம்மா இடது கையால் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சினையைக் கிழியாம எடுங்க ஐயா. அதைத் தனியா, காரம் போடாம வதக்கணும். பிள்ளை பெத்த உடம்புக்கு அது ரொம்ப நல்லது."