வாய் நிறையத் தண்ணி

“நீ தைச்ச பாயாலதான் நான் ரெண்டு வருசமாக் கவுந்தேன்” என்றார் மிக்கேல் தண்டல்.

அமலோற்பவம் ஊசியை நிறுத்தவில்லை. மணலில் கால் நீட்டி, மடியில் பாயைப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். அவரைவிட வயதில் ரொம்ப இளையவள். ஆனால் அந்தக் கரையில் பந்தயம் ஓடுகிற வள்ளம் எல்லாவற்றுக்கும் பாய் தைப்பது அவள்தான்.

“செபமாலை வள்ளத்துக்கும் நான்தான் தைச்சேன். அவரு ஏன் கவுழலண்ணே?”

“அவனுக்குக் காத்து ஒழுங்கா அடிக்குது. எனக்கு மட்டும் விட்டு விட்டு அறையுது.”

“ஒரே கடல்ல ரெண்டு காத்தா?”

மிக்கேல் மணலில் உட்கார்ந்தார். அவர் குரல் தணிந்து அன்றைக்குத்தான் அவள் கேட்டாள்.

“பலகைக்காரனுங்க முடிவாச் சொல்லிட்டானுங்க. இந்த ஆடியிலயும் கவுந்தா செபமாலை வள்ளத்துக்குப் போயிருவானுங்களாம். இருதயம்கூடப் போறானாம். மீசை முளைக்கிறதுக்கு முன்ன இருந்து என்கூட ஏறுறவன்.”

பலகைக்காரன் வேலை லேசுப்பட்டது இல்லை. ஆடி மாசத்துக் கச்சான் காத்து அறைந்தால் வள்ளம் ஒரு பக்கமாகச் சாயும். காத்து வருகிற பக்கம் கடலுக்கு மேலே ஒரு பலகை நீட்டியிருக்கும். அதில் ஏறி, நுனிவரைக்கும் போய், உடம்புப் பாரத்தால் வள்ளத்தை நிமிர்த்த வேண்டும். காத்து விட்டதும் உள்ளே ஓடி வர வேண்டும். இல்லாவிட்டால் பலகை இருக்கிற பக்கமே கவிழும்.

ஏறவும் இறங்கவும் சுக்கான் பிடிக்கிற தண்டல்தான் சத்தம் கொடுப்பார். பந்தய வள்ளத்தில் மற்ற யாரும் சத்தம் கொடுக்கக் கூடாது. அது அந்தக் கரை வழக்கம்.

மிக்கேல் கொடுக்கிற சத்தம் நடுக்கடலில் இருந்து கோயில் வாசல்வரைக்கும் கேட்கும். அதில் அவருக்கு ஒரு பெருமை.

“காத்து அறையுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியணும், தங்கச்சி. அதுக்கு வழி சொல்லு.”

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். பக்கத்தில் கிடந்த தண்ணி பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“தாகம் இல்ல” என்றார்.

“குடிக்கிறதுக்கு இல்ல. பந்தயத்தன்னைக்கு வள்ளத்தைத் தள்ளினதும் ஒரு வாய் ஊத்திக்கங்க. திரும்பி வந்து மண்ணுல காலு வைக்கிறவரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது.”

“மந்திரிச்ச தண்ணியா?”

“குழாய்த் தண்ணி.”

“அப்புறம் நான் எப்படிச் சத்தம் குடுக்கிறது?”

அவள் ஊசியில் நூலைக் கோத்தாள்.

•

பந்தயத்தன்று கச்சான் முரட்டுத்தனமாக வந்தது. ஓங்கி அறையும். நின்று மூச்சு வாங்கும். எதிர்பாராத நேரத்தில் மறுபடி அறையும்.

வள்ளங்களைத் தள்ளினார்கள். செபமாலை பக்கத்தில் வந்து கூப்பாடு போட்டான்.

“ஏ மிக்கேலு! நீந்துறதுக்குத் தோதா வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்தியா?”

அதற்குப் பதில் மிக்கேலிடம் இருந்தது. நல்ல பதில். கன்னம் இரண்டும் உப்பியிருந்ததால் அது உள்ளேயே நின்றுவிட்டது.

“தண்டலுக்குப் பல்வலியா?” என்றான் பாய்க்கயிறு பிடித்திருந்த சூசை.

யாரும் சிரித்து முடிக்கவில்லை. முதல் அறை வந்துவிட்டது.

வள்ளம் சாய்ந்தது. ஓரத்தில் தண்ணி ஏறியது. பலகைக்காரர்கள் சத்தத்துக்காக மிக்கேல் வாயைப் பார்த்தார்கள். மிக்கேல் கண் பிதுங்க அவர்களைப் பார்த்தார்.

“அவரு வாயைத் திறக்க மாட்டாரு போல. ஏறுங்கடா!” என்றான் இருதயம்.

ஏறினார்கள். வள்ளம் மெல்ல நிமிர்ந்தது. சூசை உள்ளே வந்த தண்ணியை இறைத்தான். செபமாலை வெகுதூரம் முந்திப் போயிருந்தான்.

வழக்கத்தை மீறிச் சத்தம் கொடுத்துவிட்ட பயத்தில் இருதயம் பலகையிலிருந்து தண்டலைத் திரும்பிப் பார்த்தான்.

மிக்கேல் தலையை ஆட்டினார். மேலே, கீழே.

அடுத்த அறைக்கு முன்னால் பாய் அசையக்கூட இல்லை. ஆனால் முகத்தில் முதல் காத்து பட்டதுமே இருதயம் நுனிக்கு ஓடிவிட்டான். மற்றவர்கள் அவன் பின்னால் ஓடினார்கள். அவன் சட்டை முதுகில் புடைத்தது. அதற்கப்புறந்தான் பாய் புடைத்தது.

மிக்கேல் இத்தனை வருசமும் பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்தச் சட்டையைப் பார்த்தார். சட்டை புடைத்தால் சுக்கானைக் காத்துப் பக்கம் கொஞ்சம் கொடுத்தார். சட்டை ஒட்டினால் திருப்பினார். கண்ணைக் காட்டினால் சூசை கயிற்றை விட்டான், இழுத்தான். வள்ளம் சாயாமல் தண்ணியைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

“வருது, வருது, பெருசா வருது!” என்று இருதயம் சிரித்தான். பந்தயத்தில் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

திரும்புகிற கொடியைச் சுற்றும்போது செபமாலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான்.

“ஏறுங்கடா! ஏறித் தொலைங்கடா!” என்று அவன் கத்தினான். அந்தச் சத்தத்துக்கு முன்னாலேயே காத்து வந்து சேர்ந்துவிட்டது. அவன் வள்ளம் படுத்து, தண்ணியை அள்ளிக்கொண்டு, எழுந்திருக்கத் திணறியது.

மிக்கேல் அவனைக் கடந்து போனார். அவன் குரல் பின்னால் கேட்டுக்கொண்டே வந்தது. தன் குரல் மாதிரியே இருந்தது அவருக்கு.

•

கரையே தண்ணிக்குள் இறங்கி நின்றது. வெடி போட்டார்கள். மிக்கேலைத் தோளில் தூக்கி வந்து மணலில் இறக்கினார்கள்.

“முதல் பரிசு மிக்கேல் தண்டல்! ரெண்டு வார்த்தை பேசணும்!” என்று மைக்கை நீட்டினார்கள்.

மிக்கேல் கன்னம் இன்னும் உப்பியிருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அமலோற்பவம் வந்தாள்.

“மண்ணுல காலு வச்சாச்சுண்ணே. முழுங்கலாம்.”

மிக்கேல் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். மைக்கை வாங்கி இருதயத்தின் கையில் கொடுத்தார்.

இருதயம் அதுவரை மைக்கைத் தொட்டதில்லை. ஈரச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். செபமாலை நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

“நாங்க மிக்கேல் தண்டலோட பலகைக்காரங்க” என்றான். “அடுத்த ஆடியிலயும்.”

அது கோயில் வாசல்வரைக்கும் கேட்டது.

மிக்கேல் அப்போதுதான் தண்ணியை முழுங்கினார்.