பட்ட மரத்தில் பச்சை

அன்று மலை மடத்தில் இருந்தவர்கள்: ஆவுடையம்மை, அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்த சீடர் தாணுலிங்கம், தண்ணீர் குடிக்க வந்த வனக் காவலர் மாத்தன். சின்னக்கிளிகள் வரவில்லை.

"வருஷா வருஷம் குறைகின்றன, அம்மா" என்றார் தாணுலிங்கம். "என்னிடம்தான் ஏதோ அழுக்கு. நான் ஊருக்கே போய்விடுகிறேன்."

பையைக் கட்டி வைத்திருந்தார்.

குருவியளவுக் கிளிகள் அவை. உடம்பெல்லாம் பச்சை, அலகு சிவப்பு. மாசியில் கல்யாண முருங்கை பூத்தால் தேன் குடிக்கக் கூட்டமாக வரும். அவற்றைப் பார்த்துத்தான் தாணுலிங்கம் இந்த மடத்திலேயே தங்கினார்.

மாத்தன் சிரித்தார். மற்ற காடுகளில் இவற்றுக்குக் குறைவே இல்லையாம், இந்தச் சரிவில்தான் இப்படியாம். பெரியவரின் குறட்டைக்குப் பயந்திருக்கும் என்றார்.

தாணுலிங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பச்சை மரம் ஒன்றையும் அவர் தொட்டதில்லை. அடுப்புக்குப் பட்ட மரம் மட்டும்தான். வேறு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

அம்மை கோடரியை எடுத்து நீட்டினார்.

"போகிறதுக்கு முன்னால் கொஞ்சம் விறகு வெட்டித் தாருங்கள், அண்ணாச்சி. விளக்கை இன்றைக்கு நான் ஏற்றுகிறேன்."

அந்தியில் விளக்கேற்றுவது தாணுலிங்கத்தின் வேலை. அந்த நேரத்தில் அவர் சரிவுக்குப் போனதே இல்லை.

சரிவில் ஒரே ஒரு பட்ட மரம்தான் மிச்சம். மற்றவை அவர் வெட்டிய அடிக்கட்டைகள்.

கோடரியை ஓங்கும்முன் அண்ணாந்து பார்ப்பது மடத்து வழக்கம். பச்சையாக ஓர் இலை இருந்தாலும் வெட்டக் கூடாது.

பார்த்தார்.

மொட்டைக் கிளைகளின் நுனியில் இலைகள் தொங்கின. எல்லாம் பச்சை. காற்றில்லை. ஆனாலும் ஓர் இலை அசைந்து, இறகைக் கோதிக்கொண்டு, மறுபடி தலைகீழாகத் தூங்கிப்போனது.

அப்போது ஒரு பெட்டைக் கிளி பறந்து வந்தது. கிழித்த இலைத் துணுக்குகளை வாலடி இறகில் செருகியிருந்தது. உளுத்த அடிமரத்தில் ஒரு பொந்து. அதற்குள் நுழைந்துவிட்டது.

தாணுலிங்கம் கோடரியைக் கீழே வைத்தார். சுற்றிலும் இருந்த அடிக்கட்டைகளைப் பார்த்தார்.

மடத்தில் அடுப்பு எரியவில்லை. அம்மை மூவருக்கும் அவல் நனைத்து வைத்திருந்தார்.

"விறகு எங்கே, அண்ணாச்சி?"

"அந்த மரத்தில் பச்சை இருக்கிறது, அம்மா."

"எவ்வளவு?"

"பொந்துக்குள் போனதையும் சேர்த்து ஒன்பது."